மேகக் கணக்கெடுப்பு அலுவலகத்து சீல்

சீலக்கா என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். அடையாள அட்டையில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. ஆனால் பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், ஜெராக்ஸ் கடைக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் நடுவே ரப்பர் ஸ்டாம்ப் கடை போட்ட நாளிலிருந்து அந்தப் பெயரை யாரும் சீந்துவதில்லை. சீல் செய்கிற அக்கா சீலக்கா ஆகிவிட்டாள். அவளைவிட இருபது வயது மூத்த வக்கீல்களும் "சீலக்கா, நம்ம ஸ்டாம்ப் ரெடியா?" என்றுதான் வருவார்கள். "எனக்கு இத்தனை தம்பிங்க இருக்கறது எங்கம்மாவுக்கே தெரியாது" என்பாள் அவள்.

கடை சின்னது. உள்ளே இரண்டு பேர் நின்றால், மூன்றாவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். வாடிக்கையாளர் எழுதித் தருகிற வாசகத்தைக் கணினியில் அடித்து, ஃபிலிம் எடுத்து, அதன்மேல் தேன் பதத்தில் இருக்கும் பிசினை ஊற்றி, நீல விளக்குப் பெட்டிக்குள் சில நிமிடம் வைப்பாள். பிறகு சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் எழுத்து மட்டும் மேடாக நிற்கும். கத்தரித்துக் கட்டையில் ஒட்டிவிட்டால் ஸ்டாம்ப். அவசரக்காரர்களுக்கும் படம் கேட்பவர்களுக்கும் மெஷின் இல்லாமல், ரப்பர் பலகையில் பிளேடால் கையாலேயே வெட்டித் தருவாள். 

ஸ்டாம்பில் எழுத்தெல்லாம் இடம்வலம் மாறி இருக்கும். பதினோரு வருடமாக அதையே பார்த்துப் பார்த்து, நேர் எழுத்தைவிடத் திருப்பிப் போட்ட எழுத்துதான் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. "'ப'வும் ஆய்த எழுத்தும்தான் கண்ணாடிக்குப் பயப்படாது. மத்ததெல்லாம் கண்ணாடியைப் பாத்ததும் முகத்தைத் திருப்பிக்கும்" என்று ஒருநாள் வீட்டில் சொன்னாள். அவள் கணவர் வயர்மேன், எதையும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் நம்பாதவர். உயிரும் மெய்யும் ஒவ்வொன்றாக எழுதிச் சவரக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பார்த்து, பாதியிலேயே சலித்துப்போய் ஒத்துக்கொண்டார்.

அவளிடம் தடியான ஒரு பதிவேடு இருந்தது. அரசு முத்திரை செய்யவேண்டும் என்றால் அந்த அலுவலகத்துக் கடிதம் வேண்டும். யார் கொண்டுவந்தார், எந்தத் தேதி, எத்தனை சீல் என்று அதில் எழுதி, பக்கத்திலேயே ஒரு அச்சும் குத்தி வைப்பாள். ஒரு முறை இஸ்திரி மடிப்புக் கலையாத ஒரு மனிதர் வந்து தலைமை ஆசிரியர் சீல் ஒன்று கேட்டார்.

"கடிதம் கொண்டாங்க, செஞ்சு தரேன்."

"அந்தக் கடிதத்துல வைக்கத்தாங்க சீலே கேக்கறேன்."

"அப்ப கோழியும் வராது, முட்டையும் வராது. போயிட்டு வாங்க."

அப்படிப்பட்டவள். பதினோரு வருடத்தில் ஒரு கள்ள சீல் அவள் கையிலிருந்து போனதில்லை. அதைப் பற்றி அவளுக்குப் பெருமை உண்டு என்று யாருக்கும் தெரியாது; வெளியே சொல்லிக்கொள்கிற பெருமை இல்லை அது.

கடையில் ஒரு மூலையில் மூன்று பிஸ்கட் டப்பாக்கள் இருந்தன. வேண்டாம் என்று விட்டுப்போன ஸ்டாம்புகளுக்கு அதுதான் வீடு. இடமாற்றல் ஆகிப்போன அதிகாரியின் பெயர். மூடிவிட்ட டியூஷன் சென்டர். ‘வளக்கறிஞர்’ என்று ஒன்று. அந்த வக்கீல் தன் கைப்பட எழுதிக் கொடுத்ததே ‘ள’தான். செய்து கொடுத்த பிறகு, "நான் அப்படி எழுதுவேனா?" என்று வாதாடினார். அவர் எழுதிய தாளையே எடுத்து நீட்டினாள். சாட்சியம் பலமாக இருந்ததால் வக்கீல் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு, புது ஸ்டாம்புக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒருநாள் மத்தியானம் மின்சாரம் போய்விட்டது. மெஷின் ஓடாது, கணினி ஓடாது. டப்பாவைக் குடைந்தபோது ‘காத்திருக்கவும்’ என்ற ஸ்டாம்ப் கையில் வந்தது. ஒரு ஸ்கேன் சென்டருக்குச் செய்தது. அவர்கள் ‘அமர்ந்திருக்கவும்’ என்று மாற்றிக்கொண்டுவிட்டார்கள். பேடில் ஒரு முறை அழுத்தி, வெள்ளைத்தாளின் இடது மூலையில் குத்தினாள். மறுபடி மை தொடாமல் பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. காத்திருக்கவும், காத்திருக்கவும், காத்திருக்கவும் என்று வரிசை வளைந்து வளைந்து தாளின் அடிவரைக்கும் போனது. போகப்போக மை தேய்ந்தது. முதலில் நின்றவர் கருகருவென்று திடமாக நின்றார். முப்பதாவது ஆள் சாம்பல். நாற்பதாவது ஆள் நின்றாரா, அலுத்துப்போய் வீட்டுக்குப் போய்விட்டாரா என்று தாளைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எதிரே பதிவு அலுவலகப் படிக்கட்டில் நின்ற வரிசையையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தாள். தாளைச் சுவரில் ஊசி குத்தி மாட்டிவிட்டாள். கரண்ட் வந்தது; வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதைக் கண்டுபிடித்தவர் பல் டாக்டர். அடுத்த தெருவில் மாடியில் கிளினிக் வைத்திருப்பவர். தன் பெயர், பட்டம், நேரம் போட்ட ஸ்டாம்ப் ஒன்று செய்யவந்தார். வந்தவர் வந்த வேலையை மறந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது யாரு செஞ்சது?"

"நான்தான் டாக்டர். பேட்ல மை எவ்வளவு இருக்குன்னு பாத்தேன்."

"அதுக்கு ஒரு தடவை குத்தினா போதாதா?"

"போதும்தான். நிறுத்த மனசு வரலை."

"அப்ப இது கவிதைங்க."

சீலக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கவிதைன்னா நிலா, நெஞ்சு எல்லாம் வரணுமே டாக்டர்?"

"வரிசையில நிக்கறவனுக்கு நிலா எங்கங்க தெரியுது? முன்னால நிக்கறவன் முதுகுதான் தெரியும்."

டாக்டருக்குப் பல் தொழில், பத்திரிகை பைத்தியம். ‘ஈறு’ என்று ஒரு சிற்றிதழ் நடத்திக்கொண்டிருந்தார். பல்லுக்கு அடியில் இருப்பதும் ஈறு, சொல்லுக்குக் கடைசியில் இருப்பதும் ஈறு என்று பெயர்க்காரணத்தை யார் கேட்டாலும் சொல்வார். கேட்காதவர்களுக்கு நாற்காலியில் வாயைத் திறக்கவைத்துச் சொல்வார். காலாண்டிதழ் என்று அட்டையில் போட்டிருக்கும். காலாண்டு என்பது அவருக்குத் தோன்றுகிற காலத்தில் வருகிற ஆண்டு. நூற்றைம்பது பிரதி. படிக்கிற கவிதையும் கேட்கிற கவிதையும் போல, பார்க்கிற கவிதை என்று ஒன்று உண்டு, அதில் எழுத்தே படமாக நிற்கும் என்று அவர்தான் அவளுக்குச் சொன்னார். அப்படிப்பட்ட இதழ்கள் நாலைந்தை மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். எங்கெங்கோ இருப்பவர்கள் அழிப்பானில் வெட்டிக் குத்தி, தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டவை. அவள் அவற்றைப் புரூஃப் பார்ப்பதுபோல் பென்சிலும் கையுமாகப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

வரிசைக் கவிதையைப் போடுவது என்று முடிவானது. அச்சுக்குப் போனால் தகராறு. கருப்பு கருப்பாக வந்தது. சாம்பல் வரவே இல்லை. நாற்பது பேர் நிற்கவேண்டிய இடத்தில் பதினெட்டுப் பேர்தான் நின்றார்கள். டாக்டர் முகம் தொங்கிப்போனது.

"எதுக்கு அச்சு? நானே நூத்தம்பதுலயும் குத்திடறேன்" என்றாள் சீலக்கா.

"ஆறாயிரம் குத்துங்க அது!"

"டாக்டர், நான் குத்தற குத்தை என்னிக்காவது எண்ணியிருக்கேனா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிளினிக்கின் காத்திருப்பு அறையில் வேலை நடந்தது. வயர்மேன் கூடவே வந்தார், கோடு நேராக இருக்கட்டும் என்று ஒரு மரச்சட்டத்தோடு. சீலக்கா சட்டத்தை வாங்கி ஓரமாக வைத்தாள். "வரிசைன்னா கோணலா இருந்தாதாங்க வரிசை" என்றாள். அரை மணியில் வயர்மேனுக்கும் கை பழகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கன்னம் வீங்கிப்போய் ஒரு பஸ் கண்டக்டர் படியேறி வந்தார். டாக்டர் அவருக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு, ஊசி பிடிக்கிறவரை வெளியே உட்காரச் சொன்னார். சும்மா உட்கார அவருக்குத் தெரியவில்லை. டிக்கெட் கிழித்த கை. ஒரு ஸ்டாம்பை எடுத்துக் குத்த ஆரம்பித்தார். ஓடுகிற பஸ்ஸில் நின்று பழகிய கை என்பதால் அழுத்தம் ஒரு இம்மிகூடப் பிசகவில்லை. அன்று குத்தியதிலேயே அழகான வரிசை அவருடையதுதான். பல்லைப் பிடுங்கிக்கொண்டு போகும்போது, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, "நா குட்னதை எனக்கே டாங்க" என்று ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு போனார்.

இதழ் போனது. பதில்கள் வந்தன. ‘என் பிரதியில் கடைசி வரிகளில் மை இல்லை, வேறு பிரதி அனுப்பவும்’ என்று ஒருவர் புகார் எழுதினார். அதையும் அடுத்த இதழில் அப்படியே போட்டார் டாக்டர். எல்லோரையும்விடக் காரமான விமர்சனம் மாடிவீட்டிலிருந்து வந்தது. சீலக்காவின் நாத்தனார், வயர்மேனின் அக்கா, அவர்கள் வீட்டு மாடியில்தான் இருந்தார். பிரதியை மூக்குக்கு அருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "வெண்டைக்காயை வெட்டி மையில முக்கிக் குத்தினா பூ வரும். நாங்க ரெண்டாங்கிளாஸ்லயே செஞ்சோம். அதுக்கு எந்த டாக்டரும் வரலை" என்றார்.

"உங்க காலத்துல டாக்டர் கம்மி அண்ணி" என்றாள் சீலக்கா.

அவளுக்குக் கை ஊறத் தொடங்கியிருந்தது. கடையிலிருந்து பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழம் வானம் தெரியும். மத்தியானத்தில் மேகங்கள் பதிவு அலுவலகப் பக்கமிருந்து வந்து கண்ணாடிக் கடைப் பக்கம் போகும். எதிரே பிறப்பு, இறப்பு, கல்யாணம், காலிமனை எல்லாம் பதிவாகிறது. இதுகள் மட்டும் எந்தப் பதிவும் இல்லாமல் போகின்றனவே என்று தோன்றியது. ரப்பர் பலகையில் பிளேடை வைத்து வட்டமாக ஒரு சீல் வெட்டினாள். ஓரத்தைச் சுற்றி ‘மேகக் கணக்கெடுப்பு அலுவலகம்’. நடுவில் ஒன்றும் இல்லை. டப்பாவில் கிடந்த ‘தடையில்லை’ என்ற ஸ்டாம்பை எடுத்து, நீல மையில் ஒன்றன்மேல் ஒன்றாக, பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்திக் குத்தினாள். தாளின் மேல்பாதியில் தடையில்லாத மேகங்கள் திரண்டன. கீழே வலது ஓரம், அதிகாரிகள் வைக்கும் இடத்தில், வட்ட சீல்.

‘ஈறு’ அடுத்த இதழில் அது தனித்தாளாக, ஒட்டாமல், உள்ளே செருகி அனுப்பப்பட்டது. வினை அங்கேதான் பிடித்தது.

சந்தாதாரர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார். நல்ல மனிதர், ஞாபகம் மட்டும் சொன்னபடி கேட்காது. வீட்டுப் பத்திரத்தில் பெயர் மாற்றம் செய்ய அவர் ஒரு விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருந்தார். மேசையில் விண்ணப்பக் கட்டும் கிடந்தது, ‘ஈறு’ம் கிடந்தது. தாள் எப்படியோ கட்டுக்குள் போய்விட்டது. அவர் அதைக் கொண்டுபோய் பதிவு அலுவலகத்தில் கொடுத்தார். அவர்கள் வாங்கி எண் போட்டார்கள். முதல் மேசை சுருக்கொப்பம் வைத்தது. இரண்டாம் மேசை வைத்தது. மூன்றாம் மேசையில் ஒருவர் பொறுப்பாகக் குறிப்பே எழுதிவிட்டார்: ‘மேகக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று இணைக்கப்பட்டுள்ளது.’

நாலாவது மேசை அலுவலர் அம்மாவுடையது. அவர் படிக்கிறவர்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு இரண்டு ஊழியர்கள் கடைக்கு வந்தார்கள். "இந்த சீல் இங்க செஞ்சதா?" என்றார்கள். ஆமாம் என்றாள். வட்ட சீலை ஒரு உறைக்குள் போட்டு ஒட்டி, அவளிடமே கையெழுத்து வாங்கினார்கள். நாளை விசாரணைக்குப் பதிவேட்டோடு வரவேண்டும் என்றார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "போலி சீலாம்" என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது.

அந்த ஒரு சொல்தான் அவளைச் சாய்த்துவிட்டது. கடை போய்விடுமோ என்பதைவிட, அந்தச் சொல். அன்று அவள் செய்த ஒரு ஸ்டாம்பில் ஒற்று விட்டுப்போனது. பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவளாகச் செய்த பிழை.

சாயங்காலம் வயர்மேன் ஆற்றாமையில் குதித்தார். "வேலியில போற ஓணானை எடுத்துக் காதுல விட்டுக்கிட்டு, இப்ப குடையுதேன்னா யாரு என்ன பண்றது? உனக்கு எதுக்கும்மா மேகமும் மண்ணாங்கட்டியும்?"

படியில் நின்றபடி நாத்தனார்தான் பேசினார். "டேய், நிறுத்துடா. நீயும்தான் ஒக்காந்து குத்தினே. அப்ப ஓணான் தெரியலையா? அவ எவன் வீட்டு வேலியிலயும் கை வைக்கலை. நாளைக்கு நானும் கூடப் போறேன்."

"நீங்க எதுக்கு அண்ணி?"

"நீ வாயைத் திறக்கமாட்டே. ஒருத்தராவது திறக்கணும்ல?"

மறுநாள் அலுவலர் அம்மாவின் அறையில் இருந்த நாற்காலிகளெல்லாம் நிறைந்துவிட்டன. டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். டிராயிங் வாத்தியார் குடையை மடியில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று மேசைக்காரர்களில் குறிப்பு எழுதியவர் மட்டும் கதவோரமாக நின்றார். அலுவலர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தாளை மேசைமேல் விரித்தார்.

"மேகக் கணக்கெடுப்பு அலுவலகம். இது எங்க இருக்கு?"

"எங்கயும் இல்லைங்க மேடம்."

"இல்லாத ஆபீஸுக்கு சீல் எதுக்கு?"

"இருக்கற ஆபீஸுக்கு நான் செஞ்சாதாங்க தப்பு, கடிதம் இல்லாம" என்றாள் சீலக்கா. "இல்லாத ஆபீஸுக்கு யாருகிட்ட கடிதம் வாங்கறதுன்னு தெரியலை. ஆனாலும் பதிவு பண்ணாம விடலைங்க."

பதிவேட்டைத் திறந்து நீட்டினாள். உண்மைதான். தேதி போட்டு, பக்கத்தில் அச்சும் குத்தி எழுதியிருந்தாள். அலுவலகம்: மேகக் கணக்கெடுப்பு. கடிதம் கொடுத்தவர்: இல்லை. எண்ணிக்கை: ஒன்று. காரணம்: கவிதை.

அலுவலர் அம்மா அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு முன்பக்கங்களைப் புரட்டினார். வருடவாரியாக, ஒரு வரி விடாமல், ஒவ்வொரு சீலுக்கும் கடித எண். அவருடைய அலுவலகத்து சீல்களே பன்னிரண்டு இருந்தன.

இந்த இடத்தில் டாக்டர் கனைத்துக்கொண்டார். "மேடம், எழுத்துங்கறது ஒலிக்கு மட்டும் அடையாளம் இல்லை. அதுக்கு ஒரு உடம்பு இருக்கு. உலகம் முழுக்க இந்த ரப்பர் ஸ்டாம்ப் கலைஞர்கள்..." என்று தொடங்கி, மூச்சு விடாமல் போய்க்கொண்டே இருந்தார்.

"டாக்டர்" என்றார் அலுவலர் அம்மா. "நான் உங்களை வாயைத் திறங்கன்னு சொல்லவே இல்லையே."

டாக்டர் வாயை மூடினார். அந்த இடைவெளியில் நாத்தனார் புகுந்தார். "நான் ஒண்ணு கேக்கலாங்களாம்மா? அவ பாட்டுக்கு ஒரு படம் போட்டா. இவரு பாட்டுக்கு மறதியில வெச்சாரு. அதை வாங்கி நம்பர் போட்டு, மேகம் தடையில்லைன்னு சொல்லிடுச்சுன்னு எழுதினது யாருங்க?"

கதவோரத்தில் இருமல் சத்தம் கேட்டது. அலுவலர் அம்மா தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் காது சிவந்தது. வழக்குப் பதிவானால் போலி சீல் என்று ஒரு பெயர் வரும். அதைத் தலைமேல் வைத்து ஏற்றுக்கொண்டவர்கள் என்று மூன்று பெயர் வரும். அது அவருக்கு முந்தின நாளே தெரியும். தூக்கம் வராமல் கிடந்தவர்களில் அவரும் ஒருவர்.

"இதைக் கவிதைன்னு நீங்க சொல்றீங்க" என்றார் சீலக்காவைப் பார்த்து. "நான் ஃபைல்ல என்ன எழுதறது? எனக்குப் புரியணும்ல?"

பேசிப் புரியவைக்க அவளுக்கு வராது. மேசையில் இருந்த ஸ்டாம்ப் தாங்கியைப் பார்த்தாள். எல்லாம் அவள் செய்தவை. "ஒண்ணு எடுத்துக்கட்டுங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு, ‘பரிசீலனையில்’ என்பதை எடுத்தாள். ஒரு வெள்ளைத்தாளில் குத்தினாள். அடுத்ததைக் கொஞ்சம் சாய்த்துக் குத்தினாள். அடுத்தது இன்னும் சாய்ந்தது. பரிசீலனையில், பரிசீலனையில் என்று படியேறி, வளைந்து, தலைகீழாக இறங்கி, கடைசிச் சொல் முதல் சொல்லின் வாலைப் பிடித்தபோது தாளில் ஒரு பெரிய சக்கரம் நின்றது. நடுவில் வெற்றிடம்.

"நடுவுல என்ன வரும்?"

"ஒண்ணும் வராதுங்க. விண்ணப்பம் போட்டவரு நிக்கற இடம் அது."

டிராயிங் வாத்தியார் "ஆகா" என்று சொல்லிவிட்டு, உடனே அதற்கும் மன்னிப்புக் கேட்டார். அலுவலர் அம்மா தாளைத் தன் பக்கம் திருப்பி, முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரப்போகிறது என்று நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு தயாரானார். வந்தது சிரிப்பு, மூக்கு வழியாக வந்தது, அடக்கப் பார்த்து முடியாமல்.

"இந்தச் சொல்லை தினம் நூறு தடவை குத்தறேன்" என்றார். "என்னிக்கும் படிச்சதில்லை."

ஃபைலில் எழுதினார்: அது முத்திரை அல்ல, கலைப்படைப்பு; உள்நோக்கம் இல்லை; மேல்நடவடிக்கை தேவையில்லை. கூடவே ஒரு நிபந்தனை. இனி இவ்வகைத் தாள் எதை வெளியிட்டாலும், ‘இது கவிதை’ என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். உறையைப் பிரித்து வட்ட சீலைத் திருப்பிக் கொடுத்தார். கதவோரத்தில் நின்றவரிடம், "பெயர் மாற்றத்தை இந்த வாரமே முடிங்க. பாவம், மேகமே தடையில்லைன்னுடுச்சு" என்றார்.

வெளியே வந்ததும் சீலக்காவுக்குப் படியில் உட்காரவேண்டும் போலிருந்தது, உட்கார்ந்தாள். நாத்தனார் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டே, "அந்தச் சக்கரம் நல்லா இருந்துச்சு. வெண்டைக்காயில வராது" என்றார்.

நிபந்தனைப்படி அன்று மாலையே ‘இது கவிதை’ என்று ஒரு ஸ்டாம்ப் செய்தாள். அதைச் சுவரில் குத்தி வைத்ததுதான் தாமதம், எனக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று என்று ஆள் வர ஆரம்பித்தது. ஜெராக்ஸ் கடைக்காரர், முகத்தில் அசடு வழிய, முதலில் வந்தார். பிழை ஸ்டாம்ப் வக்கீலும் வந்தார். "உங்களுக்கு எதுக்குங்க?" என்றாள். "எதிர்த்தரப்பு வாக்குமூலத்துல அடிக்கத்தான்" என்றார் அவர்.

‘ஈறு’ அதற்குப் பின் மூன்று இதழ்கள் வந்தன. பார்க்கிற கவிதைப் பக்கங்களுக்கு இனி நீங்கள்தான் பொறுப்பு என்று டாக்டர் அவளிடம் ஒப்படைத்துவிட்டார். வெளியூர் உறைகள் கடை முகவரிக்கே வரத் தொடங்கின. அப்படி ஒருநாள், முகவரி கையால் எழுதிய உறை ஒன்றை எதிர் அலுவலகத்து ப்யூன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு தாள். தேதி ஸ்டாம்ப், பூ, மறுபடி தேதி, சுற்றிலும் ‘அவசரம்’, மூலைக்கு மூலை ‘நகல்’. அடியில் சின்னக் குறிப்பு: ‘போடுவீர்களா?’ அலுவலர் அம்மாவின் கையெழுத்து.

டாக்டரிடம் காட்டினாள். அவர் பதறினார். "போட்டுடுங்க. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடுங்க. நம்ம ஃபைல் இன்னும் அவங்க அலமாரியிலதான் இருக்கு."

"நல்லா இல்லையே டாக்டர்."

"எனக்கும் தெரியுது நல்லா இல்லைன்னு!"

"நல்லா இல்லாததை நல்லா இருக்குன்னு நான் அச்சுக் குத்தினா, அதுதான் போலி சீல்" என்றாள் சீலக்கா. தாளைத் திருப்பி அனுப்பினாள். பின்னால் பென்சிலில் எழுதினாள்: ‘மேடம், கூட்டம் அதிகம். பூவை எடுத்துவிடுங்கள். பாதியை எடுத்துவிடுங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.’

பத்து நாள் சத்தமே இல்லை. டாக்டர் மாடியிலிருந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபடியே பல் பிடுங்கினார். பதினோராம் நாள் உறை வந்தது. பூ போயிருந்தது, ‘அவசரம்’ போகவில்லை. ‘இன்னும் எடுக்கலாம்’ என்று எழுதித் திருப்பினாள். மூன்றாவது தாளை அலுவலர் அம்மாவே கொண்டுவந்தார், மத்தியான இடைவேளையில். கடைக்குள் நுழைய மூச்சை வெளியே விட்டுவிட்டு வந்தார்.

தாளின் இடது விளிம்பில் ‘பெறப்பட்டது’. பாதி தாளுக்கு வெளியே போய்விட்டதால் பின்பாதிதான் தெரிந்தது. வலது விளிம்பில் ‘அனுப்பப்பட்டது’. அதில் முன்பாதி மட்டும். நடுவில் முழுக்க வெள்ளை. தலைப்பு: ‘என் மேசை.’

சீலக்கா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னும் எடுக்கணுமா?" என்றார் அலுவலர் அம்மா, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி.

"வேண்டாம் மேடம். இனிமே இதைத் தொடாதீங்க. ஆனா ஒண்ணு, நூத்தம்பது பிரதி. ஞாயித்துக்கிழமை வந்து நீங்களே குத்தணும். இதுக்கு ப்யூனை அனுப்பக்கூடாது."

வந்தார். பழைய உடுப்பில், கைப்பையில் சொந்த பேடோடு, ஒன்பது மணிக்கே கிளினிக் படியேறி வந்தார். வயர்மேன் மேசைக்குப் பழைய செய்தித்தாள் விரித்துக் கொடுத்தார். விளிம்பைத் தாண்டிப் போகிற மை எல்லாம் அதில்தான் விழவேண்டும். கண்டக்டர் பல் வலி இல்லாமலேயே வந்திருந்தார். நாத்தனார் தாள்களை எண்ணி அடுக்கினார். அலுவலர் அம்மா வந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அவர் முதல் தாளை எடுத்து, இருபத்தெட்டு வருட சர்வீஸ் மொத்தமும் கையில் ஏற, ஓங்கி ஒரு குத்து விட்டார். மேசை அதிர்ந்தது. உள்ளே நாற்காலியில் வாயைத் திறந்திருந்த நோயாளி மூடிக்கொண்டார்.

"மேடம்" என்றாள் சீலக்கா. "இது ஃபைல் இல்லை. மெதுவா வைங்க. கோபத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க."

அலுவலர் அம்மா இரண்டாவது தாளை எடுத்தார். ஸ்டாம்பை விளிம்பில் பாதியும் செய்தித்தாளில் பாதியுமாக வைத்து, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, எடுத்தார்.

"இப்படியா?"

"இப்படித்தான். அடுத்ததை எடுங்க."